புளி போட்டுத் துலக்கிய இங்கிலாந்துத் தங்கம்

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்து ஒரு திரைச்சீலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் துணி அளந்த நித்தியானந்தன், அரை சென்ரிமீற்றர்கூடப் பிசகியதில்லை என்று எல்லாரிடமும் சொல்வார். கேட்க ஆளில்லாதபோது மனைவி விமலாதேவியிடம் சொல்வார்.

மகள் சுஜாந்தினி புது வீடு வாங்கியதும், அதன் வரவேற்பறை யன்னலில் தன் கையால் ஏதாவது மாட்டிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. ஏலத்தில் ஒரு செதுக்கு மரம் எடுத்தார். யன்னலுக்கு மேலே, திரைச்சீலைக் கம்பியை மறைக்க மாட்டுவது. இங்கிலாந்தில் யாரோ பிரபுவின் நாட்டுப்புற மாளிகையில் இருந்ததாம். நடுவில் சிப்பி, இருபுறமும் இலைக்கொடி, முழுவதும் அழுக்கேறிக் கறுத்த தங்கரேக்கு.

"அப்பா, எங்கட வீட்டிலை கோயில் தேர் வேண்டாம்," என்றாள் மகள். பிறகு மனமிரங்கி, "சரி, கொண்டு வாங்கோ. ஆனா இந்த அழுக்கோடை மாட்ட விடமாட்டன். சனிக்கிழமை ஆக்கள் வருகினம்," என்றாள்.

ஏலக்காரன் தண்ணீர் படக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தான். புளியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. குத்துவிளக்குத் துலக்கிய கைக்கு இது எம்மாத்திரம் என்று நித்தியானந்தன் புளியைக் கரைத்துத் தேய்த்தார். முதலில் கறுப்புப் போனது. பின்னாலேயே தங்கமும் போனது. அடியில் செம்மண் பூச்சு. அழுத்தித் தேய்த்த இடங்களில் வெள்ளைச் சுண்ணம்.

"அழுக்கில்லையப்பா, பொன்தான் போகுது. விடுங்கோ!" என்று விமலாதேவி கத்தினாள்.

"இடப்பக்கம் போயிட்டுது. வலப்பக்கத்தையும் அளவாய்ப் போக்காட்டி வடிவில்லை."

அளவுநாடா பிடித்துத்தான் மிச்சத்தையும் அழித்தார்.

சனிக்கிழமை, போர்வையில் சுற்றிய மரத்தைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு போனார். சுஜாந்தினி பிரித்துப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள்.

"சிவப்பும் வெள்ளையும்! அப்பா, இது டென்மார்க் கொடியெல்லே! இதை மாட்டேலாது."

அந்நேரம் கேக்கோடு வந்த பக்கத்து வீட்டு டேனிஷ்காரி அதைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறந்தநாளென்றால் வீட்டில் கொடி வைப்பது இந்த ஊர் வழக்கம்.

"இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள்?" என்று டேனிஷில் கேட்டாள்.

அது ஆனி மாதம். நித்தியானந்தன் பிறந்தது மார்கழியில்.

"எனக்குத்தான்," என்றார்.

அவள் அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். சுஜாந்தினி பெருமூச்சு விட்டாள்.

"இனி மாட்டத்தானே வேணும். ஏணியை எடுங்கோ."

மரம் யன்னலுக்கு மேலே ஏறியது. மயிரிழை பிசகாமல் நட்டநடுவில். அதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை.