கைக்கெட்டாத ஊதாப்பூ

மலைச்சாலைக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு, உருண்டு விழக்கூடிய கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது அவள் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை; எப்படியாவது கூப்பிட ஆள் இருக்கிறதே, அது போதும். அப்பா போனபிறகு, டயர் கடை மாடியில் அவள் இருந்த ஒற்றை அறையில் பேச்சுக்குரல் என்றால் அது ரேடியோதான்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், கை நுழையாத பாறை வெடிப்பில் அந்தப் பூவைப் பார்த்தாள். வெளிர் ஊதா, நகத்தளவுதான். வேர்விட அங்கே ஒரு சிட்டிகை மண்கூடக் கிடையாது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்குவதை விட்டுவிட்டாள். பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து, மேஸ்திரியின் முன்கோபம், ஒழுகுகிற மாடிக் குழாய் என்று ஊர்க்கதையெல்லாம் பூவிடம் அளப்பாள்.

ஆனாலும் அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. படம் எடுத்து, வெளியூரில் இருந்த அக்காவுக்கு அனுப்பினாள். மாதக்கணக்கில் பேசாத அக்கா உடனே கூப்பிட்டாள்.

"ஏண்டி, இது என்ன பூ? என் பொண்ணு காலேஜ்ல காட்டணும்கிறா."

"காட்டட்டுமே. நீ எப்படிக்கா இருக்க?"

"இருக்கேன், இருக்கேன். அடுப்புல வேலை கிடக்கு, வச்சிடறேன்."

கல்லூரியிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த இனமாம். அவர்களில் ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சீக்கிரமே அந்தச் சரிவைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. இனி யாரும் ஏறக்கூடாது.

"முதல்ல பார்த்ததே நான்தானே?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"அதுக்கு? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. வளைவுக்கு அந்தப் பக்கம் உனக்கு வேலை போட்டிருக்கேன்." பிறகு குரலைத் தணித்தார். "மதியம் எங்களோட வந்து சாப்பிடேன்."

போனாள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்கள் சிரித்தபோது அவளும் சிரித்தாள். பூவிடம் மடை திறந்த மாதிரி வந்த பேச்சு, மனித முகங்களைப் பார்த்ததும் தொண்டையிலேயே நின்றுகொண்டது. பக்கத்தில் இருந்தவன், "என்ன பல்லி, சத்தமே காணோம்?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் எழுந்துபோய்க் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டாள்.