காந்தத்தில் ஒட்டியது குங்குமம் இல்லை

நீங்கள் மேடையில் சொன்னது பொய். தெரிந்தே சொன்ன பொய். ‘நீங்கள்’ என்று எழுதுவது மரியாதையால் இல்லை. உங்களிடம் வேலை பார்த்த காலத்துப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு விவரம் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் செங்கல்பட்டில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கம். இப்போது படூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். அதற்கு முன் அதே படூரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீங்கள் நடத்திய சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். டேப்லெட் என்கிற பொருள் நம் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த நேரம். கையில் வாங்கிப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், இதில் எப்படி டைப் அடிப்பது என்று. கண்ணாடியில் விரலால் தட்டி ஒரு பக்கம் எழுதுவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். திரை தனி, கீபோர்டு தனி, வேண்டும்போது மாட்டு, வேண்டாதபோது கழற்று என்றீர்கள். இன்றைக்கு எல்லாக் கடையிலும் அது கிடைக்கிறது. அன்றைக்கு அது நல்ல யோசனை. அந்தப் பெருமையை நான் பிடுங்க வரவில்லை.

யோசனை உங்களுடையது. மாட்டியதும் கழற்றியதும் நான். காலையில் வந்து உட்கார்ந்தால் அதுதான் என் வேலை. மாட்டு, எழுத்து விழுகிறதா பார், கழற்று, மறுபடி மாட்டு. சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் விரல் மடங்காது. வீட்டில் அம்மா, அப்படி என்னடி வேலை என்று கேட்பாள். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடிக் காட்டுவேன்.

முதலில் வந்த தொல்லை, நிற்காதது. பேட்டரி முதற்கொண்டு எல்லாக் கனமும் திரைக்குள் இருந்தது. கீபோர்டு வெறும் தட்டு. மாட்டி நிமிர்த்தினால் மல்லாந்து விழும். மெக்கானிக்கல் வேலை பார்த்தவர் மதுரைக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர்தான் இன்னொரு பேட்டரியைக் கீபோர்டுக்குள் வைத்துக் கனத்தைச் சமன் செய்தார். அந்த பேட்டரியின் மின்சாரம் திரைக்குப் போக, கீபோர்டின் விளிம்பில் வரிசையாகச் சின்ன ஸ்பிரிங் ஊசிகள். திரையின் விளிம்பில் அவை வந்து தொடுகிற தங்க முலாம் பூசிய பொட்டுகள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசிகளில் ஓடியது மின்சாரம்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அண்ணன் முதலில் கொக்கி வைத்திருந்தார். இறுக்கமான கொக்கி, இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். ஊறுகாய் ஜாடி திறக்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தீர்கள். ஒரே கையில் கழல வேண்டும் என்றீர்கள். கொக்கி போய்க் காந்தம் வந்தது. சின்னக் காந்தம், ஆனால் பொல்லாத காந்தம். கொண்டுபோனால் ‘டக்’ என்று தானே ஒட்டிக்கொள்ளும். எனக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வந்த முதல் வாரமே அது தன் குணத்தைக் காட்டியது. மேஜையில் கிடந்த ஸ்டேப்ளர் பின்னை எல்லாம் இழுத்தது. என் துப்பட்டா ஊக்கு கழன்று விழுந்தது. தேடித் தேடிப் பார்த்தால் கீபோர்டு விளிம்பில், ஊசிகளின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் அறைக்கு வந்தார். நானும் பின்னால் வந்தேன், ஊக்கு என்னுடையது.

“சார், இது இரும்பக் கண்டா இழுக்கத்தான் செய்யும். ஊசியச் சுத்தி ஒரு ரப்பர் வளையம் போட்டுருவோம் சார். எதுவும் உள்ள போகாது.”

வளையம் எவ்வளவு பருமன் என்று கேட்டீர்கள். சொன்னார். உலகம் முழுக்க மெலிந்துகொண்டே போகும்போது நாம் மட்டும் தடிக்க வேண்டுமா என்றீர்கள். ஊக்கை என்னிடம் கொடுத்து, இனிமேல் ஊக்கு குத்திக்கொண்டு மேஜைக்கு வராதே என்றீர்கள். ரப்பர் வளையத்தின் கதை அதோடு முடிந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஆபீஸைக் கழுவி, பொரி, கடலை, சுண்டல், வாழைக்கன்று எல்லாம் வாங்கி வைத்தோம். சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு, மீட்டருக்குப் பொட்டு, ஸ்க்ரூடிரைவர் டப்பாவுக்குப் பொட்டு. ஓடுகிற நிலையில் இரண்டே இரண்டு டேப்லெட்தான் எங்களிடம் இருந்தன. இரண்டையும் கீபோர்டோடு மாட்டி மனைப்பலகையில் வைத்தேன். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நின்றபோதுதான் சந்தேகம் வந்தது. இது ஒரு கருவியா, இரண்டு கருவியா? ஒரு பொட்டா, இரண்டு பொட்டா?

வேன் ஓட்டுகிற அண்ணாத்த பூஞ்சேரிக்காரர். அவர்தான் ஆரம்பித்தார்.

“இன்னாம்மா யோசிச்சிகினு நிக்கிற? ஒரு மெசினு, ஒரு பொட்டு.”

“கழட்டினா ரெண்டுல்லண்ணே,” என்றார் மதுரைக்காரர்.

“வண்டிக்கு ஒரு பொட்டுதான் வெக்கிறேன். சக்கரம் சக்கரமாவா வெச்சிகினு கீறேன்?”

“சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறீகள்ல?”

“அப்ப இத்தையும் எலுமிச்சம்பழத்து மேல ஏத்து. டப்புனு நசுங்கட்டும்.”

எல்லோரும் சிரித்தோம். அப்போது நீங்கள் வந்தீர்கள். பட்டு வேட்டி கட்டியிருந்தீர்கள். என்ன தகராறு என்று கேட்டீர்கள். சொன்னோம்.

“ரெண்டு பொட்டு வைம்மா. ரெண்டும் தனித்தனியா நிக்கும், அதானே நம்ம ப்ராடக்டே.”

வைத்தேன். திரையின் முதுகில் நட்டநடுவில் ஒன்று, கீபோர்டின் அடியில் நட்டநடுவில் ஒன்று. ஊசிகள் இருந்தது விளிம்பில், பொட்டிலிருந்து நாலு விரல் தள்ளி. அதோடு இரண்டும் மாட்டிய நிலையில் இருந்தன, விளிம்பு மூடியிருந்தது. நான் வைத்த குங்குமம் அங்கே போக வேண்டும் என்றால் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

வைத்த பொட்டை உடனே துடைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அதுவாக உதிர்கிற வரைக்கும் விட்டுவிடுவோம். அதே வாரம் மாமல்லபுரத்தில் கம்பெனியில் பணம் போடுகிற பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பொருளைப் பார்க்கப் போகிறார்கள் என்றபோது, துடைத்துவிடட்டுமா என்று நானே கேட்டேன். இருக்கட்டும், நம் ஊர் மெஷின் என்று தெரியட்டும் என்று சொன்னது நீங்கள். இதை மேடையில் சொன்னீர்களா? இல்லை.

மாமல்லபுரத்துக்கு அண்ணாத்தயின் வேனில் போனோம். கடலோரம் ஒரு ரிசார்ட். முந்தைய நாள் மழை. மழையும் பெரிய அலையும் அடித்து ஓய்ந்தால் அந்தக் கரை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மணலில் கறுப்புக் கறுப்பாகக் கோடு கிடக்கும். இரும்பு கலந்த மணல். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் புசுபுசுவென்று மீசை முளைத்து வரும். பிள்ளைகள் விளையாடுவார்கள்.

அவர்கள் வருவதற்கு முன் நீங்கள் போட்டோ எடுக்க ஆசைப்பட்டீர்கள். ஒரு கையில் திரை, பின்னால் கடல். கீபோர்டைக் கழற்றி மணலில் வைத்தீர்கள். என்னிடம் கொடுத்திருக்கலாம், பக்கத்தில்தான் நின்றேன். வைத்தது எங்கே? கறுப்புக் கோட்டின் மேலே, ஊசி விளிம்பு மணலில் படுகிற மாதிரி. படம் எடுத்து முடிந்து அதைத் தூக்கியபோது அண்ணன் ஓடி வந்து வாங்கினார். விளிம்பு முழுக்கக் கறுப்பு மீசை. கைக்குட்டையால் துடைத்தார். காந்தம் விடவில்லை. ஊதினார். ஒரு மணல்மணி பறந்தால் இரண்டு உள்ளே போனது. மணல் பட்ட அதே கையால்தான் திரையையும் பிடித்தீர்கள், அதன் விளிம்பிலும் ஒட்டியிருந்தது.

அண்ணன் உங்களிடம் அரை மணி நேரம் கேட்டார். இன்னொரு செட் வேனில் இருக்கிறது, அதை எடுத்து வருகிறேன் என்றும் சொன்னார். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நீங்கள் அவர் கையிலிருந்து கீபோர்டை வாங்கிக்கொண்டு போனீர்கள்.

மாட்டினீர்கள். ‘டக்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘கரக்’ என்று கேட்டது. திரை ஒருமுறை வெளுத்து அணைந்தது. விளிம்பு சுட்டு, கருகிய நாற்றம் வந்தது. ஊசிக்கு ஊசி இரும்பு மணல் பாலம் போட்டால் பேட்டரி வேறென்ன செய்யும்? குங்குமம் இடையில் மாட்டியிருந்தால் மின்சாரம் போகாமல் திரை சும்மா இருந்திருக்கும். சுட்டிருக்காது.

வந்தவர்களில் ஒருவர் டேப்லெட்டைத் திருப்பினார். முதுகில் சிவப்புப் பொட்டைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். நீங்கள் ஒரு நொடிதான் யோசித்தீர்கள். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன்.

“நம்ம ஆபீஸ் பொண்ணு ஒண்ணு மெஷினுக்கு பூஜை போட்டுடுச்சு சார். குங்குமம் உள்ள போயிடுச்சு.”

அவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். சும்மா நிற்கவில்லை.

“சார், அது மணல் சார்.”

“நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போம்மா.”

திரும்பி வரும்போது வேனில் அண்ணாத்த, “உன்னிய சொல்லிட்டாரு, அவரு தப்பிச்சிகினாரு. வுடும்மா,” என்றார். அவர்கள் அதன்பிறகு வரவேயில்லை. சில மாதங்களில் கம்பெனியை மூடினீர்கள். அது தொழில், மூடுவது உண்டு. ஆனால் நீங்கள் மூடாமல் வைத்துக்கொண்டது அந்தக் கதையை. மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பழைய வேலை எங்கே என்று கேட்டார்கள். சொன்னதும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். “அந்தக் குங்குமப் பொண்ணு நீதானா?” வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. சிரித்தது உண்மை.

வருடங்கள் ஓடின. போன மாதம் எங்கள் கல்லூரி விழாவுக்கு நீங்கள் சிறப்பு விருந்தினர். மைக்கை உங்கள் கையில் கொடுத்தவள் நான். முகத்தைப் பார்க்கவில்லை நீங்கள். தோல்வியிலிருந்து பாடம் என்று ஆரம்பித்து, அந்தக் கதையைச் சொன்னீர்கள். கதை இப்போது வளர்ந்திருந்தது. படிக்காத ஒரு பெண்ணாம். கனெக்டர் மேலேயே குங்குமத்தை அப்பிவிட்டாளாம். காலத்துக்கு முன்னால் வந்த ஒரு கண்டுபிடிப்பை மூடநம்பிக்கை கொன்றுவிட்டதாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் லேப் பிள்ளைகளும்.

டீ குடிக்கிற அறைக்கு வந்தேன். அது மணல் சார் என்றேன். இத்தனை வருடம் கழித்து அதே வார்த்தை. நெற்றியைச் சுருக்கிப் பார்த்தீர்கள், பிறகு சிரித்தீர்கள்.

“அட, நீயா? நல்லா இருக்கியாம்மா? அது சும்மா ஒரு கதைம்மா. பசங்க சிரிக்கணும்ல. உன் பேரு கூட சொல்லலையே.”

“பேரு எதுக்கு சார்? அங்க இருந்த பொண்ணு நான் ஒருத்திதான்.”

யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டீர்கள்.

இதோ, அதன் பலன். டீ அறையில் கேட்டவர்கள் வழியாக, அந்தப் பெண் நான்தான் என்று கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. லேபில் இருக்கிற ஆசிலோஸ்கோப் கருவியில் போன வருடப் பொட்டின் தடம் இன்னும் இருக்கிறது. ஒரு மாணவன் அதைக் காட்டி, “மேடம், கனெக்டர்ல பட்டுடப் போவுது,” என்கிறான். பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இந்த வருடம் லேபில் பூஜை வேண்டாமே என்கிறார். குரலை உயர்த்தவில்லை, நல்ல மனிதர். ஆனால் நான் ஒரு கருவியைத் தொடும்போது அவர் கண் என் விரலுக்குப் போகிறது. கருவியைத் தொட்டுப் பிழைக்கிறவள் நான். என் விரலை நம்பாவிட்டால் என்னிடம் வேறென்ன இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் சிரித்தால் வரும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். கறுப்பு மணலை டிபன் டப்பாவில் அள்ளி வந்தேன். கடைக் குங்குமம், கோயில் குங்குமம், மணல் மூன்றையும் தனித்தனித் தட்டில் கொட்டினேன். காந்தத்தை மேலே பிடித்தேன். இரண்டு குங்குமமும் அசையவில்லை. மணல் எழுந்து வந்து ஒட்டியது, அன்றைக்கு வந்த அதே மீசை. தட்டுகளை மறுநாள் லேப் மேஜையில் வைத்தேன். கேலி செய்த மாணவனே காந்தத்தைப் பிடித்துப் பார்த்தான். காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் அவர் ஏன் மேடம் அப்படிச் சொன்னார் என்று கேட்டான். அவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

கேட்கிறேன். என் காதோடு வந்து சொல்கிற பதில் வேண்டாம், டீ அறைச் சமாதானமும் வேண்டாம். பொட்டு வைத்தவள் நான்தான், இந்த வருடமும் வைப்பேன், பூஜை லேபில் நடக்கும். நீங்கள் அதே அரங்கத்துக்கு வாருங்கள். அதே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கை இந்த முறையும் நான்தான் கொடுப்பேன். மேஜையில் அந்த மூன்று தட்டும் இருக்கும். காந்தத்தை நீங்களே பிடியுங்கள். பிடித்துவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்: அன்றைக்கு உள்ளே போனது என்ன? கீபோர்டை மணலில் வைத்தது யார்?