மருந்துக்கடைக்காரர் துப்பாக்கி வாங்கப் போன கதை

மனைவி போன அன்று ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் மருந்துக்கடைக்காரர். சொட்டுக் கண்ணீர் கிடையாது. அந்த வாரமே கடையில் நின்று கத்திரிக்கோலால் மாத்திரை அட்டை வெட்டினார். "கல்லு மனுஷன்" என்று தெருவே வாய்க்கு வந்தபடி பேசியது. பேசட்டும், அதுகளுக்கு வேறென்ன வேலை? சாப்பாட்டில் உப்பில்லாததே உறைக்காத ஆளுக்கு ஊர்ப்பேச்சா உறைக்கப் போகிறது?

போட்டிகளில் துப்பாக்கி சுடுகிறவள் மனைவிதான். ஏர் பிஸ்டல். காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் கைத்துப்பாக்கி. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. இவர் பை தூக்குகிறவர், அவ்வளவுதான். அவளுடைய சாமான்களை எடுத்துவரத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனவர், சும்மா இருக்காமல் கிளப் துப்பாக்கியில் நாலு குண்டு சுட்டுப் பார்த்தார். பயிற்சியாளர் அட்டையைப் பார்த்து வாயடைத்துப் போனார்.

"எப்படிங்க இது? ஒரு அசைவு இல்லையே!"

எப்படி அசையும்? உள்ளே அசைய எதுவும் மிச்சமில்லை. அப்புறம் தினமும் போனார். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அணியில் சேர்த்துவிட்டார்கள். துப்பாக்கி மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். கடையைப் பூட்டியபின் போவதற்கு அந்த ஓர் இடம்தான் அவருக்கு இருந்தது. அதுவும் நழுவினால் வீட்டுச் சுவரோடுதான் குடித்தனம்.

எனவே துப்பாக்கிக் கடை. கூடவே மச்சினன், அவளுடைய தம்பி. அக்காவின் துப்பாக்கியையும் எடுத்து வந்திருந்தான், அதைக் கொடுத்துவிட்டுப் புதிது மாற்றிக்கொள்ளலாமே என்று.

கடைக்காரர் ஓயாமல் பேசுகிறவர். குண்டில்லை என்று ஒவ்வொன்றையும் திறந்து காட்டியபின் கையில் கொடுத்தார்.

"அந்தச் சுவர்ல இருக்கற வட்டத்தப் பாத்துட்டு, கண்ணை மூடிக் கையத் தூக்குங்க சார். மூச்சு விட்டுட்டுத் திறங்க. குழல் நுனியில இருக்கற இந்த முன்குறி நடுவுல நின்னா அது உங்க துப்பாக்கி. பொண்ணு பாக்கற மாதிரிதான், அவசரப்பட்டா ஆயுசுக்கும் அவஸ்தை!"

அவரே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. முதல் துப்பாக்கி இடப்பக்கம் போனது. இரண்டாவது கீழே தொங்கியது. மூன்றாவதுக்கு முன்பக்கம் கனம்.

கடைசியாக மச்சினன் கொண்டு வந்ததைத் தூக்கிக் கண்ணைத் திறந்தார். முன்குறி அச்சாக நடுவில் நின்றது. ஆனால் கைப்பிடி இறுக்கியது. அந்த மரப் பிடியின் மேல் அவள் காய்ந்தால் இறுகும் பூச்சு வைத்து, தன் உள்ளங்கைக்கு ஏற்றபடி தானே செதுக்கியிருந்தாள். கட்டைவிரல் படிகிற இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம்.

"அட, இத வச்சுக்கிட்டா கடையச் சுத்தறீங்க?" என்றார் கடைக்காரர். "புதுக் கைப்பிடி ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது. இந்தப் பூச்சைச் செதுக்கி எடுத்துட்டா உங்க கைக்குக் கச்சிதமா உக்காந்துரும்."

மச்சினன் முகம் செத்துவிட்டது. "மாமா, அது அக்கா கை மாமா..."

"செதுக்குங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அரம் கரகரவென்று ஓடியது. கண்ணாடி மேசைமேல் சாம்பல் நிறத்தில் பொடி விழுந்தது. யார் வீட்டுச் சாமானோ என்பதுபோல அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளம் மேலோட்டமாகி, பிறகு காணாமலே போயிற்று. கடைக்காரர் பொடியை வாயால் ஊதித் தள்ளினார்.

"இப்ப பிடிங்க சார்."

கச்சிதம். இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. கண்ணை மூடினார், தூக்கினார், திறந்தார். முன்குறி இங்கும் அங்கும் துள்ளியது. இறக்கி மறுபடி தூக்கினார். கை தோள்பட்டை வரைக்கும் ஆடியது.

"என்ன சார் இப்படி உதறுது, சுகர் இருக்கா? உக்காருங்க, தண்ணி குடிங்க."

அவர் உட்காரவில்லை. துப்பாக்கியைப் பொடியின் மேலேயே வைத்தார். மச்சினன் பக்கம் திரும்பி, இதுவரை அவனுக்கு யாருமே சொல்லாத சேதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"டேய், உங்க அக்கா செத்துப் போயிட்டாடா."