பதினோரு வீட்டு மொழி

என் வீட்டுக்காரர் சிவப்பிரகாஷுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அதைச் செய்தவன் மேல் குற்றம் கண்டுபிடிப்பார். ஒரு கல்யாண மண்டபத்தில் தள்ள வேண்டிய கண்ணாடிக் கதவை நான் இழுத்துவிட்டு அசடு வழிய நின்றபோது, "நீ எதுக்கு வெக்கப்படறே பத்மா? இழுக்கற மாதிரி கைப்பிடி வெச்சானே, அவன் வெக்கப்படட்டும்" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அதற்கப்புறம்தான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் வீடு. மாடி அறையில் உட்கார்ந்து கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு ப்ரோகிராம் எழுதுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் மொழிகளைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாக அவர் பேசிக் கேட்டு, எழுதத் தெரியாவிட்டாலும் எது நல்ல மொழி, எது கொடுமை என்று நானே தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

"சரியா எழுதினா ஒரு மொழி என்ன பண்ணுதுன்னுதான் எல்லாரும் பாக்கறாங்க. தப்பா எழுதினா அது நம்மகிட்ட எப்படிப் பேசுதுன்னு யாராச்சும் பாக்கறாங்களா?" என்று தோசை சாப்பிடும்போது கேட்பார். ஒரு புள்ளியை விட்டுவிட்டால் இருநூறு வரிக்குத் திட்டுகிற மொழிகள் இருக்கின்றனவாம். காப்பியில் சர்க்கரை குறைந்ததற்குப் பிறந்த வீட்டையே இழுக்கிற மாமியார் மாதிரி என்பார். சொன்னது அவர், நான் இல்லை. என் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப் பேசியே காலம் தள்ளியிருப்பார். பொதுத் தொட்டிக்கு வால்வு மெஷின் வந்ததுதான் வினை.

எங்கள் பகுதியில் பதினோரு வீட்டுத் தோப்புகளுக்கு ஒரே தொட்டி. வாய்க்கால் தண்ணீரை அதில் ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு தோப்புக்கும் மூன்று மணி நேரம் விடுவது வழக்கம். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரு வீட்டுக்கு முறை வரும். முறை மாறும்போதெல்லாம் யாராவது வெயிலில் நடந்து போய் வால்வைத் திருப்ப வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து தானாகத் திறந்து மூடுகிற வால்வுகள் வாங்கினோம். கூடவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வந்தது. அதில் நாலே நாலு பொத்தான். முறையைப் பதிவு செய்ய ஒரு பொத்தானை ஏழு தடவை அழுத்தி, இன்னொன்றை அழுத்திப் பிடித்து, இங்கிலீஷில் ஏதோ மின்னுவதற்குள் மூன்றாவதை அழுத்த வேண்டும். பொறியியல் படித்த என் கணவருக்கே அது மூன்று நாள் பிடித்தது.

"இதை நான் இப்படியே விட மாட்டேன்" என்றார். இரண்டு வருஷம் விடவில்லை. சனி, ஞாயிறு எல்லாம் அதற்கே போயிற்று. பெட்டிக்குப் புது மூளை வைத்து, போனில் தமிழில் எழுதினால் வேலை செய்கிற ஒரு சின்ன மொழியையே உண்டாக்கினார். 'மடை' என்று பெயர் வைத்தார். "ஞானம் தோப்புக்கு மூணு மணி நேரம் விடு" என்று எழுதினால் ஞானம் அண்ணன் தோப்பில் தண்ணீர் பாயும். "பெரியமுது" என்று தப்பாக எழுதினால், "அப்படி யாரும் இல்லைங்க, பெரியமுத்துங்களா?" என்று கேட்கும். சுத்தமாகப் புரியாததை எழுதினால், "எனக்குப் புரியலைங்க" என்று சொல்லும். அந்த 'ங்க' போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தார். என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக்கூட அவ்வளவு நேரம் ஆகவில்லை.

பதினோரு வீடும் அதைப் பழகிக்கொண்டது. உலகத்திலேயே அந்த மொழியில் எழுதுகிறவர்கள் அவ்வளவு பேர்தான். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் ஐநாவில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்ததாகச் சமையலறைக்கு ஒரு மொழி எழுதுவார்.

பங்குனி வெயிலில்தான் பிரச்சினை வந்தது. சரஸ்வதியம்மாள் பழைய தென்னைகளை வெட்டிவிட்டு அறுபது தென்னம்பிள்ளைகள் புதிதாக வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, தோப்பைத் தனியாகப் பார்க்கிறவர், குரல் உயர்த்தினால் வேலந்தாவளம் சந்தை வரைக்கும் கேட்கும். அவர் முறை வந்த நாளில் போன், 'சரஸ்வதியம்மாள் தோப்பில் தண்ணீர் பாய்கிறது' என்றது. தோப்பில் ஒரு சொட்டு இல்லை. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்பது நாளில் பிள்ளைகளின் ஓலை நுனி காயத் தொடங்கிவிட்டது.

"ஏனுங்க மாப்ளே, போனுல ஓடற தண்ணியப் புள்ளை குடிக்குமா?" என்று வாசலில் வந்து கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பம்பு அறையில் பதினோரு வீடும் கூடி, மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி கையாலேயே திருப்பிக்கொள்வதா என்று முடிவு செய்வது என்றாயிற்று.

நாலு நாள் என் கணவர் மாடியை விட்டு இறங்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தார். தப்பு எங்கேயும் இல்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. இரண்டு வருஷ உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, அந்த ஓலை நுனி காய்ந்ததைப் பார்த்துவிட்டு வந்ததில் இருந்து அவர் அவராகவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். தொட்டி ஓரத்தில் வால்வுப் பெட்டி திறந்து கிடக்கிறது. ஞானம் அண்ணன் உள்ளே தலையை விட்டுக்கொண்டு ஸ்குரூடிரைவரால் எதையோ திருகுகிறார். பெரியமுத்து பக்கத்தில் நின்று அவருக்குக் குடை பிடிக்கிறார்.

"என்னங்ண்ணா பண்றீங்க?"

இரண்டு பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. "ஒண்ணுமில்லீங் டீச்சரே" என்றார் ஞானம் அண்ணன். "இன்னிக்கி என்ற முறைய இவன் எடுத்துக்கறான். அதான் கம்பிய மாத்திக்கறோம்."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சுங்க, மாசக்கணக்கா."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. முறை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் இவர்கள் ப்ரோகிராமைத் தொடுவதில்லை. ஞானத்தின் கம்பியைக் கழற்றிப் பெரியமுத்துவின் இடத்தில் செருகிவிட்டு, மறுநாள் திருப்பி மாற்றுவார்களாம். எல்லாக் கம்பியும் ஒரே மஞ்சள். ஏதோ ஒரு நாள் மாற்றியதில் சரஸ்வதியம்மாளின் இடத்தில் பெரியமுத்துவின் கம்பி போய் உட்கார்ந்திருக்கிறது, அந்த அம்மாளின் கம்பி எதிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய தண்ணீரெல்லாம் பெரியமுத்து தோப்பில் பாய்ந்துவிட்டது. ஓயாமல் முறை மாற்றிக்கொண்டதில் பெரியமுத்துவுக்கும் அது உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

கேட்டதும் அவர் முதலில் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார். அடுத்த நிமிஷமே ரோஷம் வந்துவிட்டது. "மாத்துன்னு ஒரு கட்டளையே இருக்கே! முதல் வாரமே எழுதினேனே! ஒரே ஒரு வரி!" என்று செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஞானம் அண்ணன் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன், சண்டை போட்டால் தடுக்கலாம் என்று. போடாவிட்டால் நான் போடலாம் என்றும்.

ஞானம் அண்ணன் சண்டைக்கு ஆள் இல்லை. மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, உங்க மடையில எழுதி மாத்துனா பெரியமுத்துக்கு என்னங் வருது? 'உங்கள் முறை ஞானத்துக்கு மாற்றப்பட்டது'ன்னு வருது. ஒருத்தன் முறையக் கேக்கறமுன்னா ஊட்டுக்குப் போயி, உக்காந்து, இன்ன மாதிரிங்க, இன்ன காரணமுங்கன்னு சொல்லிக் கேக்கோணும். காரணஞ் சொல்லாமக் கேட்டா அது புடுங்கறதுங்க. சொன்னமுன்னா அவனே கூட வந்து கம்பிய மாத்திக் குடுக்கறான்."

"அந்தக் காரணத்தை அதுலயே எழுதியிருக்கலாமில்லீங்களா?"

ஞானம் அண்ணன் தரையைப் பார்த்தார். "ஒருக்கா எழுதுனனுங் தம்பி. 'பெரியமுத்து முறைய எனக்கு மாத்து, புள்ளையப் பொண்ணு பாக்க வர்றாங்க'ன்னு எழுதுனேன். அது, 'எனக்குப் புரியலைங்க'ன்னு சொல்லிருச்சு. பொம்பளப் புள்ளை சமாச்சாரத்தச் சொல்லி, புரியலைன்னு பதில் வந்தா ஒரு மாதிரி இருக்குமுங்களா, இருக்காதுங்களா?"

என் கணவர் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். அந்தப் பதிலுக்குத்தான் ஒரு வாரம் யோசித்து 'ங்க' சேர்த்திருந்தார். நான் வாய் வரைக்கும் வந்த கேலியை விழுங்கிக்கொண்டேன். கட்டிய புருஷனாயிற்றே.

திரும்பி வரும் வழியில் அவரே பேசினார். எந்தக் கம்ப்யூட்டர் மொழியாக இருந்தாலும், மெஷின் கண்டுகொள்ளாத குறிப்பு எழுத அதில் ஓர் இடம் இருக்குமாம். எழுதுகிறவன் அடுத்தவனுக்காக எழுதி வைப்பது. "என் மொழியில அதை நான் வெக்கவே இல்ல பத்மா. தோட்டத்துக்காரங்க எழுதற மூணு வரிக்குக் குறிப்பு எதுக்குன்னு நெனச்சேன். அந்த நெனப்புதான் தப்பு. எனக்கு மட்டும் ஆபீஸ்ல பக்கம் பக்கமா எழுதி வெச்சுக்கறேன்."

அன்றைக்கே உட்கார்ந்தார். 'ஏன்னா' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். ஒரு வரியில் 'ஏன்னா' வந்துவிட்டால் அதற்கு மேல் மெஷின் படிக்காது. ஆனால் அந்த வரி முழுசாகப் பதினோரு வீட்டுப் போன்களுக்கும் போகும், மெஷினுக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும். 'ஏன்னா' இல்லாமல் மாற்றினால் ஒத்துக்கொள்ளவே கூடாது என்றேன் நான். சொல்ல முடியாத காரணமும் மனுஷனுக்கு இருக்கும், கட்டாயப்படுத்தக் கூடாது என்றார் அவர். இந்த ஒரு இடத்தில் அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் போய்ப் பதினோரு கம்பியையும் அதனதன் இடத்தில் பூட்டி, ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயரை எழுதிக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பம்பு அறையில் சரஸ்வதியம்மாள்தான் முதலில் எழுந்தார். "எனக்கு மெசினும் வேண்டா, கிசினும் வேண்டா. கழட்டுங்க" என்றார்.

என் கணவர் எழுந்தார். ஞானம் அண்ணனும் பெரியமுத்துவும் மூலையில் தலை குனிந்து நின்றார்கள். இப்போது எல்லார் முன்னாலும் தங்கள் பெயர் வரப்போகிறது என்று அவர்களுக்கு நிச்சயம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டியதுதானே!

"தப்பு என்னுதுங்க அத்தை" என்றார் அவர். "முறை மாத்தறவங்க காரணம் சொல்றதுக்கு நான் எடமே வெக்கல. எல்லாத்துக்கும் ஒரே நெறத்துல கம்பி போட்டதும் நான்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியைக் கழற்றியவர்கள் நிற்கிறார்கள், இவர் பழியைத் தலையில் வைத்துக்கொள்கிறார். ஆனால் கல்யாண மண்டபத்தில் எனக்காகப் பேசிய அதே மனுஷர்தான் இவரும். அடுத்தவர் செய்த பொருளுக்கு ஒரு நியாயம், தான் செய்ததற்கு ஒரு நியாயம் என்று அவருக்குக் கிடையாது. அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஞானம் அண்ணனால் தாங்க முடியவில்லை. "கம்பியக் கழட்டுனது நானுங் அக்கா" என்று முன்னால் வந்தார். பெரியமுத்துவும் வந்து நின்றார். சரஸ்வதியம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எவரைத் திட்டுவது என்று தெரியாமல், "ஒரு மாசம். அதுக்குள்ள இன்னொருக்கா எம் புள்ளைக காஞ்சுதுன்னா நானே கடப்பாரைய எடுத்துட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எல்லாரும் போனில் 'ஏன்னா' எழுதத் தொடங்கினார்கள். மாடு கன்று போட்டது, மச்சினன் வந்திருக்கிறான், மூட்டு வலி என்று தினமும் சேதி வரும். சரஸ்வதியம்மாள் மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் எழுதாத வரைக்கும் அந்த ஒரு மாசக் கெடு என் கணவரின் தலைக்கு மேல் நின்றது. தினமும் அந்த அம்மாளின் தோப்பு வேலியோரம் நடந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவார் இவர். புதுக் குருத்து வந்திருக்கிறது என்று எனக்கு வந்து சொல்வார்.

மூன்றாவது வாரம், ஒரு காலையில் நான் டிபன் டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டது. சரஸ்வதியம்மாள் எழுதியிருந்தார்.

"என் முறையில் ஒரு மணி நேரம் பெரியமுத்துக்குக் குடு ஏன்னா எம் புள்ளைகளுக்குத் தண்ணி வராத அத்தன நாளும் சாயங்காலம் குடத்துல சொமந்து ஊத்துனது அவன் பொண்டாட்டி மாரீஸ்வரி. நான் கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல."

கீழே மெஷினின் பதில் வந்திருந்தது: "எனக்குப் புரியலைங்க." முறையை முழுசாக மாற்றத்தான் அதற்குத் தெரியும். ஒரு மணி நேரத்தை மட்டும் பிரித்துக் கொடுப்பது என்று ஒன்றை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

என் கணவர் அதை நின்றபடியே படித்தார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். ஆபீஸ் மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு, வால்வைக் கையாலேயே திறந்துவிடலாம் என்று தொட்டிக்கு ஓடினார். என் ஸ்கூட்டரும் அந்த வழிதான்.

சரஸ்வதியம்மாள் அங்கே ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்.

"புரியலைங்குது மாப்ளே உங்க மெசினு."

"எனக்குப் புரிஞ்சுதுங் அத்தை. அதுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கல."

அந்த அம்மாள் நகர்ந்து வழிவிட்டார்.

"இன்னிக்கிக் கையில தொறந்து உடுங்க. நாளன்னைக்குள்ள அதுக்குச் சொல்லிக் குடுத்துருங்க. அடுத்த முறையிலயும் அவுங்களுக்குக் குடுக்கோணும்."