என் எதிர்வாதி சகீலா அக்கா

காலை டூட்டி மாறும் நேரத்தில் எங்கள் வார்டு நர்ஸ் செல்வி போன் செய்தாள். "சகீலாக்கா போயிட்டாங்கக்கா. வீட்லயே நெஞ்சுவலி." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆளா அவர்?

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் நாங்கள் ஒரே வார்டு நர்ஸுகள். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் நான் இருமுறை கட்டுரையில் கோட்டை விட்டிருந்தேன். மூன்றாம் முறையும் தவறினால் கிடைத்த வேலை போய்விடும். கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர் அக்கா. என் கட்டுரைகளைப் பிடுங்கிப் படித்தார்.

"ஏன்டி, இதுவும் சரி, அதுவும் சரின்னா படிக்கிறவன் எங்கிட்டுப் போவான்? பேஷண்ட் வீட்டாளுகளச் சமாளிக்கிற மாதிரியே எழுதி வச்சிருக்க!"

உண்மைதான். வார்டில் யார் கத்தினாலும் தலையாட்டிப் பழகியவள் நான்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை. நான் எந்தப் பக்கம் பேசினாலும் அவர் எதிர்ப்பக்கம். "காரணத்தச் சொல்லு. கண்ணால பாத்த ஒண்ணச் சொல்லு. நான் என்ன திருப்பிக் கேப்பேன்னு யோசிச்சு அதுக்கும் பதில் வச்சுக்க" என்பார். ஒருநாள் அழுதேவிட்டேன். "அழுகைக்கு மார்க் கிடையாது" என்றபடி தன் டப்பாவிலிருந்த கறியை எனக்கு வைத்தார்.

நர்ஸுகள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று வாதிட்டபோது மட்டும் அவர் பயிற்சிக்காகப் பேசவில்லை. "கூட இருந்த ரெண்டு பேரும் வெளிநாடு போயிட்டாக. மூணு பேர் பாக்குற வார்ட அன்னைக்கு நான் ஒருத்தி பாத்தேன். கடைசி பெட்ல ஒரு அம்மா. அந்தம்மாவுக்கு மூச்சுத் திணறுனது எனக்குத் தெரியவே இல்லடி. போனவுக கெட்டவுக இல்ல. ஆனா அந்தம்மா செத்துப்போச்சு."

தேர்வில் வந்த கேள்வி: மருத்துவர்களும் நர்ஸுகளும் வெளிநாடு போவதைத் தடுக்க வேண்டுமா? தடுக்கக் கூடாது என்று தொடங்கிப் பத்து நிமிடம் எழுதினேன். பொய்யாகப் பட்டது. எல்லாவற்றையும் அடித்தேன். மிச்சமிருந்த அரைமணியில் அக்காவின் பக்கத்தை, அந்தம்மாவின் மூச்சுத் திணறலோடு எழுதி முடித்தேன்.

தேறினேன். சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. "போகக் கூடாதுன்னு எழுதிட்டா போற?" என்று கேட்டார். பிறகு, "சரி, போ. நல்லாத்தான் எழுதியிருப்ப" என்றார்.

முகம் பார்க்கப் போனேன். அத்தனை அமைதியாக அவரை நான் கண்டதே இல்லை. வியாழக்கிழமை எனக்கு விமானம். இன்று காலை, அக்காவும் நானும் இல்லாத எங்கள் வார்டில் செல்வி ஒருத்திதான் நின்றாள்.

நீங்கள்தான் ஜெயித்தீர்கள், அக்கா. ஆனாலும் நான் போகிறேன். மன்னித்துவிடுங்கள்.