ஏமி அவசரம்?

மதுரையிலிருந்து ஆந்திராப் பக்கம் புத்தூருக்கு வாக்கப்பட்டு வந்த புதிது. மறுநாள் எங்கள் சபையின் நூற்றாண்டு ஆராதனை, அன்பின் விருந்து. வெங்காயம் உரிக்க வருவதாகச் சொன்ன ஒருவரும் வரவில்லை. ஆலயத்துக்குப் பின்னால் மூட்டைகளோடு நான் மட்டும். இடுப்பு விட்டுப்போனது. "சீக்கிரம் வாங்க, அவசரம், அவசரம்!" என்று கணவரிடம் போனில் கத்தினேன்.

மதிலுக்கு அப்பால் இருந்த தெலுங்கு வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஏமி அவசரம் அம்மா?" என்றார்.

என்ன அவசரமா? எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையைக் காட்டினேன். சற்று நேரத்தில் மருமகளோடும் கத்திகளோடும் வந்து எதிரே உட்கார்ந்தார். மூன்று பேரும் கண்ணீர் வடித்துக்கொண்டே உரித்து முடித்தோம்.

அவர்கள் போன பிறகு, "உதவினாங்க, சரி. அதுக்காக என்ன அவசரம்னு கேக்கணுமா?" என்று கணவரிடம் பொருமினேன். அவர் சிரித்தார்.

"கிண்டல் இல்லடி. தெலுங்குல அவசரம்னா தேவை. இன்னா வேணும்னு கேட்டுக்கினு வந்துக்கிறாங்க."

அன்று சபையார் எல்லோரும் போனில் என்னிடம் "ஆச்சா, ஆச்சா" என்றுதான் கேட்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். மறுநாள் நன்றியுரையில் அவர் பெயர் வரவில்லை; எனக்கே அது தெரியாது.

போன வாரம் அவர் வீட்டில் கல்யாணப் பந்தல் போட்டார்கள். வேலைக்குப் போய்வந்த அலுப்போடு மதிலருகே நின்று, "ஏமி அவசரம் அம்மா?" என்றேன்.

அவர் வெங்காய மூட்டையைக் காட்டினார்.