ஷாலோடு சேர்ந்த ரோஜா

கியரக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். டிப்போவில் சேர்ந்த புதிதில், யாருக்கும் மசியாத ஒரு பழைய வண்டியின் கியரை ஒரே தட்டில் போட்டுக் காட்டினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். குரல் பெரிது, கை பெரிது, சிரிப்பு இரண்டையும்விடப் பெரிது. பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால் தெருவில் பாதி வீடுகள் அவளைத்தான் தேடி வரும்.

அப்படிப்பட்டவள் பட்டு ரிப்பனில் பூத் தைக்கக் கிளம்பியதற்குக் காரணம் அவளுடைய நாத்தனாரின் மூக்குக்கண்ணாடி.

நாத்தனார் மாடி வீட்டில் இருக்கிறாள். மருந்துக் கடையில் வேலை. மாத்திரைப் பட்டையை வெட்டினால்கூட நூல் பிடித்ததுபோல் நேராக வெட்டுவாள். இருவருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தி தொண்டையைச் செருமினால் இன்னொருத்திக்கு அது தன்னைக் குத்துவதாகவே கேட்கும். அவ்வளவுதான் பொருத்தம்.

சனிக்கிழமை பிற்பகல்களில் நூலகத்து மாடியில் நாத்தனார் தையல் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்தாள். இரண்டாம் வாரமே கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். "உன் வண்டி அந்த வழியாத்தானே போகுது, குடுத்துட்டு வா" என்று புருஷன் கியரக்காவின் கையில் திணித்தான். நூலகம்தான் அவளுடைய கடைசி நிறுத்தம். இறங்கி, படியேறி, கதவைத் தள்ளினாள்.

உள்ளே டீச்சர் ரிப்பனைத் துணிமேல் கிடத்தி, அதன் நடுவிலேயே ஊசியைக் குத்தி, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். ரிப்பனின் இரண்டு ஓரமும் சுருண்டு எழுந்தன. ஒரே இழுப்பு. ஒரு இதழ்.

"அவ்ளோதானா?" என்றாள் கியரக்கா, கதவருகிலேயே நின்று.

"அவ்ளோதான்க்கா."

பொறுமை என்பது கியரக்காவுக்கு ஒத்துவராத சரக்கு. ஒருமுறை ஸ்வெட்டர் பின்னத் தொடங்கி, கழுத்துவரைகூட வராமல் அது பாத்திரம் பிடிக்கும் துணியாகிவிட்டது. ஒரு குத்தில் ஒரு இதழ் என்றால் கதையே வேறு. கண்ணாடியைக் கொடுக்க வந்தவள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை ஷிப்டை மாலைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அண்ணி, உங்க கைக்கு இதெல்லாம் வருமா?" என்றாள் நாத்தனார், பார்வையை ஊசியைவிட்டு எடுக்காமல்.

"ஸ்டீயரிங்கே வந்துச்சு. ஊசி வராதா?"

வரவில்லை. டீச்சருக்கு இருபத்தாறு வயது. வாரநாட்களில் துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள். கியரக்காவின் பின்னால் நின்று ஓயாமல் கெஞ்சினாள். "இழுக்காதீங்கக்கா, ஹேண்ட்பிரேக் இல்ல அது! ரிப்பன் அது போக்குல படுக்கணும்." முதல் இதழ் கசங்கிய பஸ் டிக்கெட்டைப்போல் இருந்தது. ரிப்பனை முழங்கை நீளத்துக்குமேல் வெட்டக் கூடாது, ஓரம் பிசிறிவிடும் என்றார்கள். இவள் ஒரு ஆள் நீளத்துக்கு வெட்டினாள், அது முடிகிறபோது வால்போல் நைந்து தொங்கியது. ஏழாவது இதழில் எப்படியோ கை தளர்ந்தது. ரிப்பன் தானாகச் சுருண்டு, ஓரம் மடிந்து, பனியில் நனைந்ததுபோல் உட்கார்ந்தது. கியரக்கா போட்ட "ஏய்!"யில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நூலகரே என்ன ஆயிற்றோ என்று மேலே ஓடிவந்தார்.

அதன்பிறகு பிடித்தது பைத்தியம். தலையணை உறையில் பூ, ரிமோட் உறையில் பூ, மிதியடியைக்கூட விட்டுவைக்கவில்லை. புருஷன் அலுவலகத்தில் தும்மிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தால் மூலையில் ரோஜா மொட்டு. "மூக்கைத் தொடைக்க விடுடி, குத்துது" என்று கும்பிட்டான். சிக்னலில் நிற்கும்போது முன்னால் சிவப்பு விளக்கைப் பார்த்து, இந்த நிறத்தில் ரிப்பன் கிடைக்குமா என்று யோசித்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வகுப்பின் கடைசியில் கூட்டு வேலை ஒன்று. பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு சதுரத் துணியில் ஒரு பூத் தைத்துத் தரவேண்டும். எல்லாவற்றையும் இணைத்து நூலகக் கூடத்தில் மாட்டுவார்கள். கியரக்கா ரோஜாவை எடுத்தாள். நடுவிலிருந்து சக்கரக் கம்பிகள்போல் ஐந்து நூலிழை போட்டு, ரிப்பனை ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று சுற்றிக்கொண்டே வரவேண்டும்.

"இது ரவுண்டானா! உள்ள நுழைஞ்சா சுத்திக்கிட்டே இருக்கணும், அதானே?"

டீச்சர் இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல விளக்கம் கேட்டதில்லையாம்.

கடைசி சனிக்கிழமை. ஐந்து மணிக்குச் சதுரங்களை ஒப்படைக்கவேண்டும். ஜன்னலோரக் குட்டை பெஞ்சில் அண்ணியும் நாத்தனாரும் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கியரக்கா துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையத்தை மடியில் கிடத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கம்பி போட்டாள், சுற்றினாள், இலைகளைக் குத்தினாள். நாலே முக்காலுக்கு முடிந்தது. சிவப்புச் சிவப்பாக, நடுவில் இறுகி ஓரத்தில் விரிந்து, தொட்டால் ஈரமாக இருக்குமோ என்று தோன்றும் ரோஜா. நாத்தனார் எட்டிப் பார்த்தாள். குறை சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டாள். தண்ணீர் குடிக்க எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஷாலை விடுங்க."

"நான் எங்க பிடிச்சேன்?"

"பின்ன யாரு இழுக்கறா?"

இருவரும் குனிந்து பார்த்தார்கள். நாத்தனாரின் ஊதா ஷாலின் முனை கியரக்காவின் மடியில் சரிந்திருந்தது. அதன்மேல் வளையம். வளையத்தைத் தூக்கினால் ஷாலும் சேர்ந்து வந்தது. ஐந்து கம்பியும், ஆறு இலையும், ஒன்று பாக்கியில்லாமல் ஷாலோடு சேர்த்தே தைக்கப்பட்டிருந்தன.

நாத்தனாரின் மூக்கிலிருந்து பிரஷர் குக்கர்போல் ஒரு ஒலி கிளம்பியது. கியரக்கா வெடித்தாள். இருவரும் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து டீச்சரின் மேசைக்குப் போனார்கள். வழியில் ஒரு நாற்காலி இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

டீச்சர் முகத்தை டாக்டர்போல் வைத்துக்கொண்டு திருப்பிப் பார்த்தாள். "கம்பியை வெட்டினா பூ மொத்தமா அவிழ்ந்துடும்க்கா. பிரிச்ச ரிப்பனைத் திரும்ப..." அதற்குமேல் முடியவில்லை. அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

கியரக்காவின் சிரிப்பு அடங்கியது. அந்த ஷாலுக்காக நாத்தனார் மூன்று தடவை கடைக்கு அலைந்தது அவளுக்குத் தெரியும். கத்தரியை எடுத்தாள். "போகட்டும் விடு. பூவையே வெட்டிடறேன். நான் வேற தைச்சுக்கறேன்."

"கையை எடுங்க!" நாத்தனார் பட்டென்று தட்டிவிட்டாள். "ரெண்டு மாசமா குத்தின ஒரு விரல் பாக்கியில்லாம கட்டு போட்டு விட்டது நான்தானே? இதை வெட்டுவாங்களாம்!" கத்தரியைப் பிடுங்கி, ரோஜாவைச் சுற்றி ஷாலை வெட்டினாள். வட்டம், அவள் வழக்கப்படி, தட்டு வைத்து வரைந்ததுபோல் வந்தது. ஷாலில் உண்டான ஓட்டை வழியாக அண்ணியைப் பார்த்தாள். "தெரியறீங்க."

பன்னிரண்டு பேரும் மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். நூலகர் மறுபடி ஓடிவந்தார். இந்தமுறை என்னவென்றே தெரியாமல் அவரும் சிரித்தார்.

சதுரங்களை வாங்கியபோது அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேதான் தையலின் யோக்கியதை தெரியுமாம். ரோஜாவின் பின்னால் ஊதா வட்டம். "அட, உள்துணி எல்லாம் குடுத்திருக்கீங்க! இது என்ன முறை?"

"குடும்ப முறை சார்," என்றாள் டீச்சர், விக்கலோடு.

ரோஜாவுக்கு நடு இடம் கிடைத்தது. ஷாலை நாத்தனார் தூக்கிப் போடவில்லை. ஓட்டையோடேயே போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். கேட்டவர்களுக்கு எல்லாம் முழுக் கதையையும் சொல்கிறாள், மாத்திரை வாங்க வந்தவர்கள் காத்திருக்க.

வகுப்பு முடிந்த அன்று மாலை நாத்தனார் வீட்டுக்கு அண்ணியின் வண்டியிலேயே ஏறினாள். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. மூன்று நிறுத்தம்வரை இருவரும் ஒழுங்காகத்தான் வந்தார்கள். அடுத்த சிக்னலில் வண்டி நின்றபோது, மேலே இருந்த கண்ணாடியில் நாத்தனாரின் முகத்தைக் கியரக்கா தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டாள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காதீங்க அண்ணி. ரோட்டைப் பாருங்க."

"நீ பாக்காத!"

ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து கியரக்கா குலுங்கினாள். அடுத்த இருக்கையில் பைகளோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தாள், அவளைப் பார்த்து எதிர் இருக்கைக்காரர், பிறகு கடைசி வரிசைவரை. விளக்கு பச்சைக்கு மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கியரைப் போட்டாள்.